சாவிக்கு நோட்டு உண்டு, சர்வருக்கு இல்லை: எங்கள் பங்குதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குதாரர்களுக்கும் அலுவலக மேலாளருக்கும்,

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய சர்க்குலரைப் படித்தேன். கஸ்டம்ஸ் புரோக்கர் வேலை பார்க்கும் நம் ஆபீஸின் ஷேர் டிரைவிலிருந்து (சர்வரில் எல்லோரும் பயன்படுத்தும் பொது இடம்) ஒரு இறக்குமதியாளரின் ஃபோல்டர் காணாமல் போனதற்கு, டாக்குமென்டேஷன் அறையில் ஏழாம் மேசையில் இருந்த பெண்தான் பொறுப்பு என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அவருடைய கடைசி மாதச் சம்பளத்தில் 15,000 ரூபாய் பிடித்தம். ரிலீவிங் லெட்டர் நிறுத்திவைப்பு. அப்புறம், அதே அறையில் ஆறு பேரின் தலைக்கு மேலும் கேமரா.

அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். 14 வருடமாகப் பார்க்கிறேன். அந்த ஃபோல்டரை யார் அழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். உள்ளுக்குள் மூன்று முறை மெயிலில் எழுதிவிட்டேன். அதனால் இந்த முறை வெளியே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எங்கேயும் போடவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் உண்டுதான். ஆனால் கதவு திறந்து கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்லும்போது முகவரியையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, அதுதான் பெரிய காரணம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை அந்த ஃபோல்டர் இருந்தது. புதன்கிழமை காலை இல்லை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) நகல், செக்லிஸ்ட், கேஒய்சி (அடையாளச் சான்றுகள்) எல்லாம் அதற்குள். யாராவது மவுஸில் இழுத்து பக்கத்து ஃபோல்டருக்குள் போட்டுவிட்டார்களா என்றுதான் முதலில் தேடினேன், ஏனென்றால் பத்தில் எட்டு முறை அப்படித்தான் நடக்கும். இந்த முறை அப்படியில்லை. நெட்வொர்க் வழியாக அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். ஞாயிறு இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து மீட்டேன். திங்கள், செவ்வாயில் வந்த திருத்திய இன்வாய்ஸ்கள் அதில் இல்லை. அவற்றை மறுபடி கேட்டு வாங்கி, பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரம்) போடுவதற்குள் மூன்று நாள் தாமதம். தாமதக் கட்டணம் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதற்குப் பிறகு 10,000 என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். மூன்று நாள், 15,000. நம் கட்சிக்காரரான அந்த இறக்குமதியாளர் அதை நம் தலையில் கட்டினார். நீங்கள் அதை மாதம் 18,000 வாங்குகிற ஒருவரின் தலையில் கட்டினீர்கள்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "யாருன்னு சர்வர்ல பார்த்துச் சொல்லு" என்றீர்கள். பார்த்தேன். சர்வர் தானாக எழுதிக்கொள்ளும் நடமாட்டப் பதிவான செக்யூரிட்டி லாக்கில் இருந்த மிகப் பழைய வரி வியாழன் காலை 11:20. விண்டோஸ் சர்வரில் அந்தப் பதிவுக்கு ஒதுக்கியிருக்கும் இடம், நாமாகக் கூட்டாவிட்டால், 20 எம்.பி.தான். நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். நம் ஆபீஸ் நடமாட்டத்துக்கு அது இரண்டு, இரண்டரை நாள் தாங்கும். செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் இருந்ததற்கே அதில் அடையாளம் இல்லை. புதன்கிழமையே நான் அதை எடுத்து வைத்திருக்கலாம். பேக்கப் மீட்கிற அவசரத்தில் தோன்றவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதே எடுத்திருந்தாலும் யார் லாகின் ஆனார்கள் என்பதுதான் கிடைத்திருக்கும். எந்த ஃபைலை யார் தொட்டார்கள் என்று எழுதும் ஆடிட் நம் சர்வரில் எந்தக் காலத்திலும் போடப்படவில்லை. போடச் சொல்லி நான் கேட்டதும், நீங்கள் வேண்டாம் என்றதும் மெயிலில் இருக்கிறது.

சரி, அப்படியானால் எதை வைத்து முடிவு செய்தீர்கள்? சர்க்குலரில் மூன்று காரணம் இருக்கிறது.

முதலாவது, மேல் ஃபோல்டரின் 'டேட் மாடிஃபைட்' செவ்வாய் மாலை 6:40 என்று காட்டுகிறது, அப்போது அவர் சீட்டில் இருந்தார். ஒரு ஃபோல்டருக்குள் எதையாவது சேர்த்தால், எடுத்தால், பெயர் மாற்றினால் அந்த நேரம் மாறும். எது நடந்தது என்றும் சொல்லாது, யார் செய்தார் என்றும் சொல்லாது. அன்று அந்த நேரத்தில் அறையில் மற்ற ஐந்து பேரும் சீட்டில்தான் இருந்தார்கள். எண்ணூர் பக்கம் போயிருந்த இருவர் வெளியிலிருந்து வி.பி.என். என்ற இணைய இணைப்பு வழியாக நம் நெட்வொர்க்குக்கு உள்ளே இருந்தார்கள். நானும் இருந்தேன்.

இரண்டாவது, ஃபோல்டரின் ஓனர் 'டாக்1'. சார், அந்த அறையில் ஆறு பேருக்கும் லாகின் 'டாக்1'தான். ஆளுக்கொரு லாகின் கொடுத்தால் பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் தொல்லை பண்ணுவார்கள் என்று ஒரே லாகின் போதும் என்றது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாஸ்வேர்டு இன்றைக்கும் பிரின்டரின் பக்கவாட்டில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கிறது. ஓனர் என்பதும் உருவாக்கியவரைக் காட்டுவது, அழித்தவரை அல்ல.

மூன்றாவது, அவர் போன வாரம்தான் பேப்பர் போட்டார், அதனால் கோபத்தில் செய்திருப்பார். திருவொற்றியூரிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து, பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்து ஒன்பதே காலுக்கெல்லாம் சீட்டுக்கு வந்துவிடுகிற ஒரு பெண், மணலி பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ஸில் (கன்டெய்னர் சரக்கு நிலையம்) நாலாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று முறையாக நோட்டீஸ் கொடுத்தார். வேறு வேலை தேடுவது குற்றத்துக்கு ஆதாரமாகிவிடுமா? அந்த வேலைக்குத்தான் இப்போது ரிலீவிங் லெட்டர் கேட்கிறார்கள்.

இதை எழுதும்போது இன்னொரு நாள் ஞாபகம் வருகிறது. 2021-இல் அக்கவுன்ட்ஸ் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரு வருடத்து வவுச்சர் ஸ்கேன் முழுவதையும் மவுஸில் இழுத்து வேறெங்கோ போட்டுவிட்டார். மூன்று மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், அவர் செலவில் வடை வந்தது. சர்க்குலர் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை, கை நழுவுவது சகஜம். அந்தச் சகஜம் ஏழாம் மேசைக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போயிற்று?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர் ஏறியபோது, பழைய சர்வரை வாட்ச்மேன் தாத்தாவும் நானும் படியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். புது சர்வரில் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டபோது, யாருக்கு எது திறக்கும் என்ற பெர்மிஷன்கள் ஒழுங்காக ஏறவில்லை. கப்பல்கள் காத்திருக்கின்றன, காலையில் வேலை ஆரம்பிக்க வேண்டும் என்று 'எவரிஒன்' என்ற குழுவுக்கு, அதாவது எல்லோருக்கும், 'ஃபுல் கன்ட்ரோல்' என்ற முழு உரிமை கொடுத்துத் திறந்துவிட்டேன். ஒரு வாரத்தில் சரி செய்கிறேன் என்று சொன்னேன். சரி செய்யப் போனால் யாருக்காவது ஏதாவது திறக்காமல் போகும், வேலை கெடும் என்று தடுத்தீர்கள். நானும் அதற்கு மேல் சண்டை போடவில்லை. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

அதன் விளைவு என்னவென்று போன வாரம் உட்கார்ந்து பட்டியல் எடுத்தேன். மொத்தம் 31 கணக்குகள். அதில் 9 பேர் நம் ஆபீஸிலேயே இல்லை. ஒருவர் இப்போது இதே மண்ணடியில் இன்னொரு ஏஜென்சியில் இருக்கிறார். அவருடைய கணக்கு நம்மிடம் உயிரோடு இருக்கிறது. 2021 மே மாதம் கொரோனாவில் நம்மை விட்டுப் போன நம் ஜி கார்டு (கஸ்டம்ஸில் வேலை பார்க்கும் அனுமதி அட்டை) அண்ணன், நீங்களும் நானும் காசிமேடு சுடுகாட்டு வாசலில் நின்றோமே, அவருடைய கணக்கும் இருக்கிறது. கடைசியாக லாகின் ஆன தேதி என்று அதில் காட்டுவது போன மாதம். அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டேன். ஆவி வரவில்லை சார். அவருடைய பாஸ்வேர்டு தெரிந்த யாரோ, தன் பெயர் பதியாமல் உள்ளே போக வேண்டிய தேவை உள்ள யாரோ வந்திருக்கிறார்கள். எதைத் திறந்தார்கள் என்று சொல்ல வழியில்லை. எல்லோரின் சம்பளப் பட்டியலும், கட்சிக்காரர்களின் ஆதார், பான், பேங்க் கடிதங்களும் அந்த 31 கணக்குக்கும் திறந்துதான் கிடக்கின்றன. அழிக்கவும் முடியும்.

ஆடிட் என்றதும் நீங்கள் சொன்ன பதில்கள் இரண்டு. "சர்வர் ஸ்லோ ஆயிடும்", "நம்ம ஆபீஸ் குடும்பம் மாதிரி, போலீஸ் வேலை வேணாம்".

முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. எல்லா ஃபோல்டருக்கும், எல்லாச் செயலுக்கும் போட்டால் பதிவு வெள்ளமாக வரும். தண்டையார்பேட்டை வீட்டில் என் லேப்டாப்பில் சர்வரின் சோதனைப் பதிப்பை ஏற்றி முயன்று பார்த்தேன். ஒரே ஒரு எக்செல் ஃபைலைத் திறந்து, ஒரு எண்ணை மாற்றி, சேவ் செய்தேன். அதற்கே பதிவு வரிகள் ஒரு பக்கம் வந்தன. அதில் அழித்ததாகவும் ஒரு வரி! எக்செல் சேவ் செய்யும்போது தற்காலிக ஃபைல் ஒன்றை எழுதி, பெயர் மாற்றி, பழையதை நீக்குகிறது. அதுவும் 'டிலீட்' என்றே பதிவாகிறது. ஆகவே ஆடிட் போட்டுவிட்டு அரைகுறையாகப் படித்தாலும் இன்னொரு ஏழாம் மேசைதான் மாட்டும். படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும்.

படிப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அந்தப் பெண்ணின் நியாயம் இருக்கிறது. ஆடிட்டை இரண்டு இடத்தில் போட வேண்டும். சர்வரின் பொது அமைப்பான பாலிசியில் ஃபைல் சிஸ்டம் ஆடிட்டை இயக்க வேண்டும். பிறகு எந்த ஃபோல்டர், யார், எந்தச் செயல் என்று அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் குறிக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் ஒரு வரிகூட வராது. போட்ட பிறகு 4663 என்ற எண்ணில் வரும் பதிவு, இன்ன கணக்கு இன்ன ஃபைலை இன்ன உரிமையோடு தொட்டது என்று சொல்லும். உண்மையிலேயே அழிந்தால் 4660 என்று இன்னொன்று வரும். அதில் ஃபைல் பெயர் இருக்காது, இரண்டிலும் உள்ள ஹேண்டில் எண்ணை (திறந்த ஃபைலுக்கு சர்வர் தரும் தற்காலிக எண்) ஒட்டிப் பார்க்க வேண்டும். அழிக்கும் உரிமையோடு 4663 வந்து 4660 வராவிட்டால், பெரும்பாலும் அது அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது அல்லது பெயர் மாறியிருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்பதை அதே லாகின் எண்ணைக் கொண்டு 4624 பதிவில் பார்க்கலாம். மவுஸ் நழுவியதையும் டிலீட் அடித்ததையும் பிரித்துச் சொல்ல அன்றைக்கு இது போதுமாக இருந்திருக்கும். அவர் செய்யவில்லை என்றால் அது வெளியே வந்திருக்கும். அவரே செய்திருந்தால் அதுவும் வந்திருக்கும், நான் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இதற்கு லைசென்ஸ் செலவு கிடையாது, விண்டோஸ் சர்வரிலேயே இருக்கிறது. எழுதுவது, அழிப்பது, பெர்மிஷன் மாற்றுவது இவற்றுக்கு மட்டும் போட்டு, கேஒய்சி, சம்பள ஃபோல்டர்களுக்கு மட்டும் படிப்பதையும் சேர்த்தால் சர்வர் தாங்கும். கேமராவுக்கு வாங்கிய கொட்டேஷன் 48,000 என்று கேள்விப்பட்டேன். டிலீட் பொத்தானை அமுக்குகிற விரலும் என்டரை அமுக்குகிற விரலும் கேமராவில் ஒரே மாதிரிதான் தெரியும்.

குடும்பம் என்ற பதிலுக்கு வருகிறேன். கீழே கோடவுன் வாசலில் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. பழுப்பு அட்டை, சணல் கயிறு, நூலில் கட்டிய பேனா. சாவியை எடுத்தவர் பெயர், நேரம், கையெழுத்து, திருப்பிய நேரம். பெரியவர் காலத்திலிருந்து அந்த வழக்கம். உங்களில் ஒருவர் சாவி கேட்டாலும் வாட்ச்மேன் தாத்தா, "கோச்சுக்காதீங்க சார், ஒரு கையெழுத்து" என்று பேனாவை நீட்டுவார். யாரும் அதைப் போலீஸ் வேலை என்று சொன்னதில்லை. ஹார்பர் கேட்டை ஒரு கன்டெய்னர் தாண்டினால் வண்டி எண், கன்டெய்னர் எண், சீல் எண், நேரம் என்று எழுதிக்கொள்ளாமல் விடுவார்களா? அதை நம்பித்தானே நாம் பிழைக்கிறோம். நம் கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில்கூட 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளுக்கு யார் எந்த என்ட்ரியைத் திருத்தினார்கள் என்ற பதிவு நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது நம் ஆடிட்டர் சொன்னதும் தலையாட்டினீர்கள். அதே சர்வரில் பக்கத்து ஃபோல்டருக்கு மட்டும் நோட்டு வேண்டாமா?

விதி என்று வந்துவிட்டதால், நீளமாகப் போகாமல் சொல்கிறேன். சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு போட்டது. நம்முடையது இரண்டரை நாள். கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் விதிகள் ஆவணங்களை ஐந்து வருடம் பாதுகாக்கச் சொல்கின்றன. யாரும் அழிக்கக்கூடிய ஃபோல்டரில் வைத்திருப்பதை எப்படிப் பாதுகாப்பு என்று கஸ்டம்ஸ் ஹவுஸில் சொல்வோம்? தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி வரை அபராதம் என்கிறது 2023-ஆம் ஆண்டுச் சட்டம். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் கை வைக்கும் முன் அந்த ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் முதல் இருக்கிற விஷயம். அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துக் கத்தினீர்கள். அறைக்கு வெளியே யு.பி.எஸ். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

என் கோரிக்கைகள் இவை.

சர்க்குலரைத் திரும்பப் பெறுங்கள். ஒட்டிய அதே போர்டில், திரும்பப் பெற்றதையும் ஒட்டுங்கள். 15,000 ரூபாயை அவர் கணக்கில் சேர்த்து, ரிலீவிங் லெட்டரை இந்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள். புது இடத்தில் அவருக்குக் கொடுத்திருக்கும் கெடு அதற்கு மறுநாள் முடிகிறது.

டாக்1-ஐ மூட அனுமதி கொடுங்கள். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு லாகின். பாஸ்வேர்டு மறந்தால் என்னைக் கூப்பிடட்டும், ராத்திரி ஆனாலும் மாற்றிக் கொடுக்கிறேன். போனவர்கள் ஒன்பது பேரின் கணக்குகளையும் முடக்க வேண்டும். அண்ணனுடைய கணக்கை முடக்குவதற்கு முன் அதில் கிடைக்கிற பதிவுகளை நகல் எடுத்து, உங்களில் ஒருவர் முன்னிலையில் சீல் வைக்க வேண்டும். இனி யாராவது வேலையை விட்டால் ஐ.டி. கார்டு வாங்குகிற அன்றைக்கே எனக்குத் தகவல் வர வேண்டும்.

'எவரிஒன்' என்பதை எடுத்துவிட்டு, பிரிவுவாரியாகப் பெர்மிஷன் போட இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாருங்கள். ஓவர்டைம் வேண்டாம். யாருக்கு எது திறக்கும் என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்களில் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் மேலே சொன்ன அளவில் ஆடிட்டைப் போட எழுத்தில் உத்தரவு வேண்டும். லாக்கின் அளவைக் கூட்டி, 180 நாள் நிற்கிற மாதிரி தனி டிஸ்க் ஒன்றும் வேண்டும். அந்த நகல் என் கைக்கு எட்டாத கம்ப்யூட்டரில் இருக்கட்டும். சர்வரில் என்னால் எதையும் அழிக்க முடியும். பதிவையே துடைக்க முடியும். துடைத்தால் 1102 என்று ஒரு வரி விழும், அது உங்களுக்கு மெயிலில் வருகிற மாதிரி செய்து தருகிறேன். செவ்வாய் மாலை 6:40-க்கு உள்ளே இருந்தவர்களில் நானும் ஒருவன் என்று மேலேயே எழுதிவிட்டேன். ஆடிட் வருகிறது என்பதையும், எதெல்லாம் பதிவாகும் என்பதையும் ஊழியர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே தமிழில் எழுதிச் சொல்லுங்கள்.

கேமரா ஆர்டரை நிறுத்துங்கள். வேண்டுமென்றால் அந்தப் பணத்தில் டிஸ்க்கை வாங்கலாம், மீதியும் இருக்கும்.

வியாழன் காலை பத்து மணிக்கு சர்வர் அறையில் 31 கணக்குகளின் பட்டியலோடு இருப்பேன். உங்களில் ஒருவராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கணக்கிலிருந்து என்னோடு சேர்த்துப் பாருங்கள். பதினேழாவது வரியில் அண்ணனின் பெயர் வரும்.

இப்படிக்கு,
உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியன்
மண்ணடி, சென்னை